மேடையில் வாசிக்க ஆள் வேண்டும்: நம் ஊர் மாரியம்மன் விழாக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அய்யா, செயலாளர், பொருளாளர், கமிட்டிப் பெரியவர்கள், இளைஞர் அணித் தம்பிமார் அனைவருக்கும் வணக்கம்.

இந்த வருடம் பொங்கல் விழாவின் கடைசி நாள் ராத்திரி ஆர்கெஸ்ட்ரா கிடையாது, ட்ராக் (பதிவு செய்த பின்னணி இசை) போட்டு நாலு பேர் பாடுவார்கள், மிச்சமாகிற பணத்தில் எல்இடி திரையும் டிஜேவும் என்று போன கூட்டத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஏறக்குறைய என்பதால்தான் எழுதுகிறேன். முன்பணம் கொடுத்த பிறகு எழுதி என்ன பிரயோசனம்?

இதில் எனக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுச் செம்பை இசைக் கல்லூரியில் வயலின் படித்தவன். சாயங்காலம் கச்சேரியில் பக்கவாத்தியம், ராத்திரி கானமேளா (இங்கே மேடை ஆர்கெஸ்ட்ராவுக்கு அதுதான் பெயர்) என்று இந்தப் பக்கம் கொல்லங்கோடு, நெம்மாறை வரைக்கும், அந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலை வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன். இப்போது மேடை ஏறுவதை விட்டாயிற்று. இடது கைச் சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே, 'பெரியவர் தனக்கு ஒரு சான்ஸ் கேட்கிறார்' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தலைக்கட்டு வரி கட்டுகிற குடும்பத்துக்காரன் என்ற உரிமை போதும்.

கூட்டத்தில் பெரியவர்கள் பேசியது என் காதுக்கு வந்தது. கோவில் முற்றத்தில் சினிமாப் பாட்டு எதற்கு, நாதஸ்வரமும் பஞ்சவாத்தியமும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பிமார் பேசியதும் வந்தது. ஆர்கெஸ்ட்ரா எல்லாம் பழைய காலம், யார் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது உங்கள் கட்சி. பந்தல் போடுகிற இடத்திலிருந்து அன்னதானச் சாம்பார் வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும், ஆர்கெஸ்ட்ராவை வெட்டுவதில் மட்டும் கை கோத்திருக்கிறீர்கள். ஒருவருக்கு அது போதுமான அளவு சாஸ்திரீயம் இல்லை, இன்னொருவருக்கு அது போதுமான அளவு சத்தம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் அதன் வேலையே. அந்த நடு இடத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் கேரள, தமிழ்நாட்டு எல்லைப்புறத்தையே சுற்றி வந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

சுத்த சங்கீதம் என்று பெரியவர்கள் சொல்கிற கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதே வயலின், அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வாத்தியம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்த முதலியார் ஒருவரின் ஆதரவில், ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டு நம் ராகங்களை அதில் வாசித்துக் காட்டினார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூருக்குக் கொண்டுபோனார். அவர் வாசிப்பில் மயங்கிய சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் யானைத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். ஒரு தஞ்சாவூர்த் தமிழர், ஒரு மேல்நாட்டு வாத்தியம், ஒரு மலையாள ராஜா! அன்றைக்கு யாராவது "இது நம் சம்பிரதாயம் இல்லை" என்று கமிட்டி கூட்டித் தடுத்திருந்தால் இன்றைக்குக் கல்பாத்தித் தேர்க் கச்சேரியில் பாடகருக்குப் பக்கம் காலியாகக் கிடந்திருக்கும்.

அண்ணன் முத்துசாமி தீட்சிதரும் லேசுப்பட்டவர் இல்லை. கோட்டைப் பேண்டுக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். நொட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டு. நவாவரண கீர்த்தனை செய்த அதே கை அதையும் செய்தது. தஞ்சையில் சரபோஜி மன்னர் அரண்மனைக்கென்று மேல்நாட்டுப் பேண்டு வைத்திருந்தார். இப்படிக் கலப்பது நேற்று சினிமாக்காரன் ஆரம்பித்த வழக்கம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் நாடகக் கம்பெனிகள் வந்தன, ஹார்மோனியம் வந்தது, பேசும் படம் வந்தது. ஹார்மோனியத்தின் கதை ஒரு வேடிக்கை. கமகம் (சுரத்தை அசைத்துக் குழைப்பது) வராத பெட்டி என்று 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளிவைத்தது. முப்பது வருடத்துக்கு மேல், 1971 வரைக்கும், அது வானொலி நிலையத்துக்குள் நுழைய முடியவில்லை. வெளியே நாடக மேடையிலும் கல்யாண வீட்டிலும் பஜனை மடத்திலும் அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் வந்து சினிமாப் பாட்டையும் வானொலியிலிருந்து கிட்டத்தட்ட ஒழித்தார். ஜனங்கள் என்ன, கேட்காமலா இருந்தார்கள்? ஊசியை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். ஐந்து வருடம் கழித்து 1957இல் சினிமாப் பாட்டும் போடுகிற விவித் பாரதியைத் தொடங்கித்தான் அரசாங்கம் நேயர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. பெரியவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் அதே வானொலி ஒரு நல்ல காரியமும் செய்தது. சினிமாவைத் தள்ளியதால் காலியான நேரத்தை நிரப்ப நிலையத்துக்கு நிலையம் மெல்லிசைக்கு இடம் கொடுத்தது. டில்லியில் 1952இல் வாத்திய விருந்தா என்ற பெரிய வாத்தியக் குழுவைத் தொடங்கியது. சிதாரும் வீணையும் வயலினும் குழலும் ஒன்றாக உட்கார்ந்து, ராகத்தை எழுதிய நொட்டேஷனில் வாசித்தன. ரவிசங்கர் அதை நடத்தியிருக்கிறார். சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவில் இசையமைத்துக்கொண்டிருந்த வீணை ஈமனி சங்கர சாஸ்திரியும் பிற்பாடு போய் நடத்தினார். கோழிக்கோட்டில் கே. ராகவன், திருவனந்தபுரத்தில் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் என்று மலையாளப் பாட்டுக்கு உயிர் கொடுத்த ஆட்கள் பலர் வானொலி நிலையத்தில் சம்பளம் வாங்கியவர்கள். நம் மலையாளி நண்பர்கள் லளித கானம் என்று சொல்வது அங்கே வளர்ந்ததுதான்.

இனி நம் வாசலுக்கு வருவோம். இங்கிருந்து பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினால் எலப்புள்ளி பக்கம்தான். எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல் பிறந்தது அந்த எலப்புள்ளியில். சின்ன வயதில் அப்பாவை இழந்து, கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் கர்நாடக சங்கீதம் கற்றவர். வாளையாறைத் தாண்டிக் கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவுக்குப் போய், எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் எடுபிடியாகவும் ஆர்மோனியக்காரராகவும் இருந்து தொழில் பழகினார். கூட்டுச் சேர்ந்த டி.கே. ராமமூர்த்தி திருச்சிக்காரர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன், பரம்பரை வயலின். 1952இல் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் காலமானபோது அவர் பாதியில் விட்ட படங்களை முடித்துக் கொடுத்துத் தொடங்கியது அந்தக் கூட்டு, 1965 வரை நீடித்தது. நடுவில் 1963இல் சென்னையில் நடந்த விழாவில் சிவாஜி கணேசன் கையால் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம்.

இவர்கள் செய்தது என்ன? அதற்கு முன்னால் சினிமாப் பாட்டு என்றால் முக்கால்வாசி ராகத்தை விரித்துப் பாடுகிற கச்சேரிப் பாட்டு. இவர்கள் ராகத்தை விடவில்லை, அதன் கனத்தைக் குறைத்தார்கள். பாங்கோஸ், அக்கார்டியன், ட்ரம்பெட், கிடார் எல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. பாட்டுக்கு நடுவில் வயலின்கள் கூட்டமாக வந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவன் "அட, இது இன்ன ராகம்" என்று நிமிர்ந்து உட்காருவான். தெரியாதவன் சும்மா விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு. நம் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த தமிழ்த்தாய் வாழ்த்து விஸ்வநாதன் மோகனத்தில் போட்ட மெட்டு. எலப்புள்ளிக்காரர் போட்ட மெட்டில் தமிழ்நாடே எழுந்து நிற்கிறது, அவர் ஊருக்குப் பக்கத்து ஊரில் நாம் ட்ராக் போடப் போகிறோம்.

எல்லைக்கு இன்னொரு மூலையும் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம். பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல். கேரள முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் மந்திரி சபைக்குச் சட்டசபையில் இருந்ததே நூலிழைப் பெரும்பான்மை, ஆகவே அந்த ஒரு தொகுதி கேரளா முழுக்கப் பேச்சாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளிகளிடம் ஓட்டுக் கேட்க ஆர்மோனியத்தோடு மலை ஏறினார் பாவலர். எல்லாருக்கும் தெரிந்த சினிமா மெட்டு, நாட்டுப்புற மெட்டு, அதில் கட்சியின் வார்த்தை. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த அண்ணன் பின்னால் ஊர் ஊராகப் போன தம்பிகள்தான் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன். பிற்பாடு சென்னையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் இதே சகோதரர்கள் கிடாரும் ஆர்மோனியமும் தாளமும் வாசித்தார்கள். 1976இல் சினிமாவுக்குள் நுழைவதற்கு முன்னால் இளையராஜாவுக்கு மேடைதான் பள்ளிக்கூடம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றதும் அந்தக் காலத்தில்தான். 1986இல் தியாகராஜரையும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவரையும் வணங்கி அவர் ஒரு வாத்திய இசைத் தொகுப்பு கொண்டுவந்தபோது, அதில் வி.எஸ். நரசிம்மன் வாசித்த வயலினை எங்கள் குழுவில் கேசட் தேயத் தேயக் கேட்டோம். கச்சேரியும் சிம்பொனியும் ஒரு வில்லில் வரும் என்று அப்போதுதான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

மலையாளப் பக்கத்திலும் இதே கதைதான். கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்துகொண்டிருந்த ஜி. தேவராஜன் கேரளத்து இடதுசாரி நாடகக் குழுவான கேபிஏசியின் நாடகங்களுக்கு மெட்டுப் போட வந்தார். 1969இல் கொச்சியில் ஆபேல் அச்சன் என்ற பாதிரியார் கலாபவன் என்ற கலை அமைப்பைத் தொடங்கிய பிறகு கானமேளா என்பது கேரளத் திருவிழாக்களில் ஒரு அங்கமாகவே ஆகிவிட்டது. பாட்டுக்கு நடுவில் வாத்தியக்காரர்கள் மூச்சு வாங்குகிற நேரத்தை நிரப்ப வந்த மிமிக்ரி, தனியாகப் பிரிந்து, மலையாள சினிமாவுக்கு எத்தனையோ நடிகர்களைக் கொடுத்தது. கானமேளாவை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் குழுவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வேலையை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் தம்பிமாரில் பலர் இதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. கச்சேரி என்றால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது பாதத்தில் முட்டுக்கொடுத்து வாசிப்போம். தந்திகளைப் பாடகரின் கட்டைக்கு (சுருதிக்கு) தகுந்தபடி ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம் என்று சேர்ப்போம். கானமேளாவில் நாற்காலி, வயலின் தோளில் ஏறி மோவாய்க்குக் கீழே வந்துவிடும். தந்திகள் மேல்நாட்டு முறையில் ஜி, டி, ஏ, இ. பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறுவதால் ஒவ்வொரு தடவையும் பிரடையை (தந்தியை முறுக்குகிற திருகை) திருப்பிக்கொண்டிருக்க முடியாது. விரல்தான் இடம் மாற வேண்டும். முன்னிசையில் கமகம் இல்லாமல் கம்பி இழுத்துக் கட்டின மாதிரி நேராக வாசிக்க வேண்டும். அதே பாட்டில் சரணத்துக்கு முன்னால் பாடகர் ஒரு ஆலாபனை இழுத்தால் பின்னாலேயே குழைந்து போக வேண்டும். சாயங்காலக் கச்சேரியில் படிந்த விரலை ராத்திரி ஒன்பது மணிக்கு மாற்றுவதற்குள் வேர்த்துவிடும்.

சினிமாவில் முப்பது நாற்பது வயலின் வாசித்ததை மேடையில் ஒரு வயலினும் ஒரு கீபோர்டும் எப்படிக் கொண்டுவருவது? கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் போட்டுப் படுதா மாதிரி பின்னால் விரித்துவிட்டு, மேல் வரியை மட்டும் நான் வாசிப்பேன். கேட்கிறவன் காதுக்கு அத்தனையும் வயலினாகத் தெரியும். மிருதங்கம் படித்தவர் தபலாவும் டோலக்கும் வாசிப்பார். சில பாட்டுக்குத் தவிலே வேண்டும். அன்றைக்குச் சாமி புறப்பாட்டுக்கு வந்த தவில்காரரையே கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்துவிடுவோம். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ட்ரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெளுத்துவாங்குவார். பிற்பாடு ஆக்டபேட் வந்தது. அது 1985இல் ரோலண்ட் கம்பெனி கொண்டுவந்த சாமான். தட்டினால் தபலா, தட்டினால் தவில், தட்டினால் கண்ணாடி உடைகிற சத்தம். தாள வாத்தியக்காரர்கள் நாலு பேர் ஒருவராகச் சுருங்கினார்கள். அடுத்ததாக கீபோர்டிலேயே தாளமும் ஓட ஆரம்பித்தது. குழலும் ஷெனாயும் அதற்குள்ளேயே போய் உட்கார்ந்தன. கடைசியில் அந்தக் கீபோர்டுக்காரரும் வேண்டாம், ஒரு லேப்டாப் போதும் என்று ஆகிவிட்டது. யாரையும் யாரும் விரட்டவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு நாற்காலி குறைந்தது, அவ்வளவுதான்.

போன வருடம் ட்ராக் வைத்து நடந்த நிகழ்ச்சியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். யார் குழு, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். பாவம், அவர்களும் பிழைப்புக்கு வருகிறவர்கள். ஆனால் நம் ஊர்ப் பெண் ஒருத்தியை மேடைக்கு ஏற்றிப் பாடச் சொன்னார்களே, அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சங்கீதம் படிக்கிற பெண், தாளம் பிசகாது, சாரீரமும் நல்ல சாரீரம். ட்ராக் சினிமாவில் இருந்த அதே சுருதி. பல்லவியைச் சமாளித்துவிட்டாள். சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் எட்டவில்லை, கீச்சென்று உடைந்தது. பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் லேப்டாப்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் என்ன செய்வார் பாவம், போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு அவளுக்காக நிற்கவில்லை, இறங்கவும் இல்லை. மிச்சத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த மேடையில் ஆள் இருந்திருந்தால் முன்கூட்டியே பின்பக்கம் கூப்பிட்டு, "பாப்பா, ஒரு வரி பாடு" என்று கேட்டிருப்போம். ஆர்மோனியத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்றரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்று பேஸ் கிடார்காரருக்குக் கைவிரலில் காட்டியிருப்போம். முடிந்தது விஷயம். மூச்சு முட்டினால் இடையிசையை இன்னொரு சுற்று வாசிப்போம், அதற்குள் தண்ணீர் குடித்துக்கொள்வாள். வரியை மறந்தால் குழல்காரர் அந்த வரியை வாசித்து எடுத்துக்கொடுப்பார், ஜனங்கள் அதையும் ரசிப்பார்கள். சங்கீதம் தெரிந்தவர்கள் சின்னப் பிள்ளைகளைத் தாங்கிப் பிடிக்கிற விதம் அது. ட்ராக்கில் அதற்கு வழி கிடையாது. லேப்டாப் கெட்டது என்று சொல்லவில்லை. அதற்குக் காது கிடையாது.

தம்பிமாரிடம் ஒரு வார்த்தை. டிஜே வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மஞ்சள் நீராட்டு அன்றைக்குப் பகலில் ஆடுங்கள், நானும் ஓரமாக நின்று பார்க்கிறேன். ஆனால் நம் ஊர்க் கானமேளாவில் எப்போதும் ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு மலையாளப் பாட்டு என்று மாற்றி மாற்றித்தான் வரும். சித்தூர் பக்கத்திலிருந்து வருகிற மலையாளிகளும், வேலந்தாவளம் தாண்டி வருகிற சொந்தக்காரர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்கிற ராத்திரி வருடத்தில் அது ஒன்றுதான். சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். தெரியாத பாட்டு வந்தால் குழுவே முழிக்கும், குழல்காரர் மட்டும் மெட்டை ஞாபகத்திலிருந்து எடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பென் டிரைவில் இல்லாத பாட்டை டிஜேயிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, வேண்டும் என்று சொன்னால் போதாது, எப்படி என்றும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துச் சிம்பொனிக் குழு 1885இலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. கனமான சங்கீதம் வாசிக்கிற அதே வாத்தியக்காரர்கள், சீசன் முடிந்ததும் லேசான இசை வாசிக்கிறார்கள். ஜனங்கள் மேஜை போட்டு, சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார்கள். பாஸ்டன் பாப்ஸ் என்று பெயர். 1930 முதல் 1979 வரை அதை நடத்தியவர் ஆர்தர் ஃபீட்லர் என்ற ஒரே மனிதர், அவரும் அந்தக் குழுவில் வயலினும் வயோலாவும் வாசித்துக்கொண்டிருந்தவர்தான். ஆற்றங்கரையில் ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி ஆரம்பித்ததும் அவரே. அவர் நிகழ்ச்சியை மூன்று பாகமாகப் பிரிப்பார். முதலில் சாஸ்திரீய இசையில் எல்லாருக்கும் பிடிக்கிற உருப்படிகள், நடுவில் தனி வாத்தியக் கலைஞர் ஒருவர், கடைசியில் அன்றைக்கு ஊரே பாடுகிற பாட்டுகள். அரை நூற்றாண்டு இந்தக் கணக்கு ஓடியிருக்கிறது. நம் ஊருக்கும் ஓடும்.

முதல் பாகத்தில் பெரியவர்கள் கேட்கிறபடி அம்மன் பாட்டு, நாலு கீர்த்தனை, இரண்டு நொட்டுஸ்வரம். கீர்த்தனை என்றால் பாடகர் தனி ஆவர்த்தனம் எல்லாம் வைத்து நீட்ட வேண்டாம். குழு சேர்ந்து வாசிக்கட்டும். நடுப்பாகத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பாலக்காட்டுக்குப் பஸ் ஏறிப் போய் மிருதங்கமும் வயலினும் பாட்டும் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். பாலக்காடு மணி அய்யரின் ஜில்லா இது, மிருதங்கத்துக்குப் பிள்ளை கிடைக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். குழுவோடு ஒரு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு ஆளுக்குப் பத்து நிமிடம். கடைசிப் பாகம் முழுக்க சினிமா, புதுப் பாட்டும் சேர்த்து. தம்பிமார் எழுந்து ஆடலாம், தடையில்லை.

நேரம்தான் உண்மையான சிக்கல். முன்பெல்லாம் வாணவேடிக்கை முடிந்து பத்து மணிக்கு மேல்தான் மைக்கில் "ஹலோ, செக்" என்பார்கள், விடிய ரெண்டு மணி வரை போகும். 2000ஆம் வருட ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்துகிற அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு, ஆனால் அதை நம்பி நோட்டீஸ் அடிக்க முடியாது. ஆகவே ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு முடிக்கிற மாதிரி வையுங்கள். செண்டமேளத்தைச் சாயங்காலம் நாலு மணிக்குத் தள்ளினால் இடிக்காது. மேளக்காரர்கள் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் ஊருக்குப் போகக் கடைசி பஸ் கிடைக்கும்.

பணத்துக்கு வருகிறேன். எல்இடி திரை வாடகையையும் டிஜேக்குக் கொடுக்கிறதையும் ட்ராக் குழுச் செலவையும் பொருளாளர் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். பத்து வாத்தியக்காரர் கொண்ட ஒரு குழுவுக்கு ஆகிற தொகையிலிருந்து அது ரொம்ப தூரத்தில் இருக்காது என்பது என் அனுபவம். திரையை விட்டுவிட்டாலே பாதி வழி வந்துவிடும். மேடை நம் கண் முன்னால் இருக்க, அதையே எதற்குப் பெரிதாக்கித் திரையில் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாட்டுக்காரர்களை வெளியூரிலிருந்து கொண்டுவரவும் வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, சித்தூர் வட்டாரத்திலேயே ஆள் இருக்கிறார்கள். கல்யாண ரிசப்ஷனில் ஓரமாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

குழுவிடம் பேசும்போது நிபந்தனையைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். 'லைவ்' என்று நோட்டீஸில் போட்டுவிட்டு ட்ரம்ஸை மட்டும் ட்ராக்கில் ஓட்டுகிற வேலையும் இப்போது நடக்கிறது. மேடையில் எத்தனை பேர், யார் யார் என்ன வாத்தியம், ட்ராக் ஒரு பாட்டுக்குக்கூடக் கிடையாது என்பது அதில் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு வயலின், ஒரு குழல், தபலாவுக்குத் தனி ஆள். மைக் செட்காரரிடம் இன்னொன்று சொல்லிவையுங்கள்: வயலினுக்கும் குழலுக்கும் மைக் திறக்கிறபோது பேஸ் பாக்ஸை நெஞ்சு அதிர ஏற்றக் கூடாது. மணி அய்யர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர்; அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம், காது கிழியாமல் இருந்தால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். இந்த வட்டாரத்தில் இன்னும் வாசிக்கிறவர்களின் பெயரும் போன் நம்பரும் என்னிடம் ஒரு நோட்டில் இருக்கின்றன, அதைச் செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஒத்திகை பார்க்க என் வீட்டுத் திண்ணையும் இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம். போன வருடம் பாடிய அந்தப் பெண்ணிடம் யாராவது போய், இந்தத் தடவை அவள் சுருதிக்குத்தான் வாசிப்போம் என்று சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டால் வீட்டில் கூச்சப்படுவார்கள், இளைஞர் அணியில் அவள் அண்ணன் இருக்கிறானே, அவனே கேட்கட்டும். அதுவரை ட்ராக் குழுவுக்கு முன்பணம் அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
கானமேளாவில் வயலின் வாசித்த, தலைக்கட்டு வரி பாக்கி இல்லாத ஒருவன்